இரண்டு சுற்றுப் பசை

கம்பி முதல் தடவை அறுந்தபோது கண்ணாடிக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரில் ஒட்டிய ஒரு கண்ணாடியை அறுத்து எடுப்பதற்குள் ஒரு கம்பி போவது சகஜம்தான். இரண்டாவது அறுந்தபோது, "சரக்கு சரியில்ல, முன்ன மாதிரி எவன் செய்யுறான்" என்று கம்பி செய்தவனைத் திட்டினார். மூன்றாவது அறுந்து, முனை சுண்டி வந்து விரல்முட்டியில் கீறி ரத்தம் எட்டிப் பார்த்தபோதுதான், காருக்குள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி வாயைத் திறந்தாள்.

"கம்பி மேல தப்பில்லைங்க."

அதோடு நிறுத்திக்கொண்டாள். அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் முழுசாகத் திட்டிய எதுவும் அவர் மனதில் நின்றதில்லை. பாதியில் விட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் இருக்கிறது.

"வேற யார் மேல தப்பு? சொல்லேன். சொல்லித்தான் பாரேன்."

"மெதுவா பேசுங்க. அண்ணா இருக்காரு."

அண்ணா என்று அவள் சொன்னது சம்பந்தியை. மகளின் மாமனார். பட்டறை வாசலில், இரண்டு கை தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, காலை ஒன்பதரையிலிருந்து உட்கார்ந்திருந்தார். கொடுத்த காப்பியைக் குடித்து, தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். இப்போது கீறிய விரலைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"பரவாயில்ல சம்பந்தி. நிதானமா பண்ணுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

இந்தப் 'பரவாயில்ல'தான் நான்கு மாதமாகக் கண்ணாடிக்காரரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. மனிதர் ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால், இவரும் பதிலுக்கு இரண்டு கத்திவிட்டு ராத்திரி நிம்மதியாகப் படுத்திருப்பார். சம்பந்தி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாருக்கு என்ன வியாதி என்பதை முகம் மாறாமல் எழுதி மடித்துக் கொடுத்துப் பழகியவர். கார் ஒழுகுகிறது என்று முதல் தடவை வந்தபோதும் இதே குரல்தான். "கொஞ்சம் ஈரம் தெரியுது சம்பந்தி. பரவாயில்ல." இவர் பதறியடித்து வெளி ஓரத்தில் பசையை இழுகி அனுப்பினார். அடுத்த மழைக்கு மறுபடி வந்தார். "முன்னைக்கு இப்ப தேவலாம். என்ன, சீட்டு மட்டும் நனையுது." மேலும் ஒரு இழுகல். நேற்று சாயங்காலம் அடித்த மழைக்குப் பிறகு ஃபோன் பண்ணியபோது மட்டும், வெகு தயங்கி, "ஒருவேளை முழுசா கழட்டிப் பாத்தா தெரியுமோ என்னவோ" என்றார். அந்தக் குரலில் இருந்த மரியாதையை நினைத்தால் கண்ணாடிக்காரருக்கு இப்போதும் காது சுடுகிறது.

கழற்றுவது என்னவோ கேட்க சுலபம்தான். காரின் கடைசி வரிசை சீட்டுக்குப் பக்கத்தில், ஏற்றவும் இறக்கவும் முடியாமல் தகட்டோடு பசை போட்டு ஒட்டியிருக்கும் கண்ணாடி அது. குத்தூசியால் பசையில் ஒரு துளை போட்டு, முறுக்கிய மெல்லிய இரும்புக் கம்பியை அதன் வழியாக உள்ளே விடவேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். இரண்டு முனையிலும் கைப்பிடி மாட்டி, இவர் இழுக்கும்போது அவர் விட, அவர் இழுக்கும்போது இவர் விட, மரம் அறுப்பதுபோல் பசையை அறுத்துக்கொண்டே சுற்றி வரவேண்டும். கம்பி வெளியே சாய்ந்தால் வண்டியின் பெயிண்ட் போகும். உள்ளே சாய்ந்தால் கண்ணாடியின் விளிம்பில் உரசும். முன்பக்கக் கண்ணாடியாவது பரவாயில்லை, தப்பு நடந்தால் ஒரு விரிசலோடு நிற்கும். பக்கக் கண்ணாடிக்கு அந்த இரக்கம் எல்லாம் கிடையாது. விளிம்பில் ஒரு சின்னச் சிராய்ப்பு பட்டால் போதும், கல் உப்பைக் கொட்டியதுபோல் மொத்தமும் ஒரே நொடியில் மடியில் வந்து விழும்.

விழுந்தால் வேறு வாங்கிப் போட்டுவிடலாமே என்றால், அங்கேதான் இடி. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திப் பதினாறு வருஷம் ஆகிறது. நேற்றிரவே தெரிந்த பழைய இரும்புக் கடைக்கெல்லாம் ஃபோன் போட்டுப் பார்த்தாயிற்று. ஒருத்தன் சிரித்தே விட்டான். ஆக, உலகத்தில் இந்தக் காருக்கு இருக்கும் இடதுபக்கக் கண்ணாடி இந்த ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காரோ கண்ணாடியோ அவருக்குப் பெரிசில்லை. முப்பது வருஷத் தொழிலில் எத்தனையோ உடைந்திருக்கிறது, எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கடைசி சீட்டில் உட்காருவது அவருடைய மகள். அதுதான் விஷயம். முன்னால் மாப்பிள்ளையும் அவன் அப்பாவும், நடுவில் மாமியாரும் நாத்தனாரும், வீட்டுக்குக் கடைசியாக வந்தவளுக்குக் கடைசி சீட்டு. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது. மழை பெய்தால் இடது பக்கம் சொட்டும். "உங்க அப்பா வச்ச ஜன்னல்ல காத்து வராட்டியும் தண்ணி நல்லா வருதும்மா" என்று மாமியார் சிரிப்பாளாம். நாத்தனார் சிரிப்பாளாம். மாப்பிள்ளையும் சிரிப்பானாம். "நானும் சிரிச்சுட்டேம்மா, ஒரு துண்டைப் போட்டு உக்காந்துக்கிட்டேன்" என்று மகள் அவள் அம்மாவிடம் சொன்னதை, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டார். இவளும் சேர்ந்து சிரித்தாளாமே, அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. ஒழுகும்போதே இந்தப் பேச்சு என்றால், இன்றைக்குக் கண்ணாடியே உடைந்து ஓட்டையில் அட்டையை ஒட்டி அனுப்பினால், அவள் அந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் அது பேச்சாக இருக்கும். பேரன் பேத்திகூடக் கேட்டு வளரும்.

"அடுத்த கம்பியைக் கோருங்க" என்றாள் மனைவி.

கோர்த்தார். இழுத்தார்கள். இரண்டு விரல் அகலம் போவதற்குள் கம்பி சூடேறிப் பசை கருகும் வாடை வந்தது. சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார். மறுபடி இழுத்தார். வழக்கமாக ஒரு கண்ணாடி அரைமணி நேரத்தில் கையோடு வந்துவிடும். இது ஒன்றேகால் மணி நேரமாகப் பாதிகூட வரவில்லை. ஏன் வரும்? ஒட்டியவருக்குத் தெரியாதா?

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சம்பந்தி வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருந்தார். பெயிண்டர் இந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தான். கேள்விப்பட்டதும் இவர்தான் வலியப் போய், "வேற ஆள் எதுக்கு சம்பந்தி? நம்ம கையாலயே ஒட்டித் தர்றேன். அப்புறம் கார் போனாலும் கண்ணாடி போகாது" என்று வாயை விட்டார். பசை போடும்போது மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு சுற்றுப் போட்டு முடித்ததும், "போதுங்க" என்றாள்.

"ஊரான் காருக்கு ஒரு சுத்துப் போதும். இது சம்பந்தி காரு" என்று, முதல் சுற்றின் மேலேயே இன்னொரு சுற்றைக் கட்டைவிரல் தடிமனுக்குப் பிழிந்தார். கண்ணாடியை வைத்து அமுக்கியபோது நாலு பக்கமும் பிதுங்கியது. வெளியே பிதுங்கியதைத் துடைத்தார். உள்ளே பிதுங்கியதை ரப்பர் மறைத்துக்கொண்டது. அன்று அவர் தூங்கிய தூக்கம், மகளுக்குச் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்ட தகப்பனின் தூக்கம்.

அவ்வளவு பாசத்தையும் இப்போது கம்பி போட்டு அறுக்கவேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் எங்கேயோ பசை படாமல் இடைவெளி விட்டுப்போயிருக்கிறது, அதனால்தான் ஒழுகுகிறது என்பதே அவர் எண்ணம். இந்தத் தடவை மூன்று சுற்றாகப் போட்டுவிடுவது என்று பெரிய குழாய் ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார். அதை மனைவி பார்த்தாள்.

நான்காவது கம்பி அறுந்தது.

"சீ!" என்று கைப்பிடியைத் தரையில் அடித்தார். அது துள்ளிப் போய்ச் சம்பந்தியின் செருப்பருகே விழுந்தது. சம்பந்தி குனிந்து எடுத்து, சட்டைநுனியால் தூசியைத் துடைத்து, நீட்டினார்.

"பரவாயில்ல."

"ஏங்க" என்று மனைவி கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். வேர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. "எனக்குத் தோள்பட்டை விட்டுப்போச்சு. நீங்க உள்ள போங்க. நான் வெளிய பாத்துக்கிறேன்."

"வெளிப்பக்கம் உனக்கு வராது. கோணம் பாக்கணும்."

"நீங்க பாத்த கோணத்துலதான் நாலு கம்பி போச்சு." பிறகு குரலைத் தணித்தாள். "நீங்க பசையை அறுக்கலைங்க. யாரையோ அறுக்குற மாதிரி இழுக்குறீங்க. உள்ள போய் உக்காருங்க, போங்க."

சம்பந்தி எதிரில் வாக்குவாதம் பண்ண முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். வலதுபக்க நடுச் சீட்டை மடக்கி, அதைத் தாண்டி, முதுகை வளைத்து நுழைந்து கடைசி சீட்டின் இடது மூலையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் பஞ்சு அமுங்கி, நேற்றைய மழை கால்சட்டையைத் தாண்டித் தொடையில் ஏறியது.

இத்தனை நாளில் அவர் இந்தச் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. வெளியில் இருந்தபடியே குனிந்து பார்த்து, கையை விட்டுத் தடவி, "கொஞ்சம்தான்" என்று சொல்லியிருக்கிறார். உள்ளே பூஞ்சை வாடை அடித்தது. முன்சீட்டின் முதுகு முழங்காலை இடித்தது. கூரை தலைக்கு மேல் நாலு விரல். மகளோ இவரைவிட உயரம். குனிந்துதான் உட்கார்ந்திருப்பாள். இந்த ஈரத்தில், இந்த வாடையில், முன்னால் நாலு பேர் சிரிக்க, தானும் சிரித்துக்கொண்டு. கோபத்தில் ஆரம்பித்தது அழுகையில் வந்து நின்றது. நல்லவேளை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி ஐந்தாவது கம்பியைக் கோர்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"ம், இழுங்க."

இழுத்தார்.

"விடுங்க. விடுங்கன்னா விடணும். பிடிச்சுக்கிட்டே விட்டா எப்படி?"

அதுதான் அவருக்கு வராத வித்தை. வெளியில் நின்று பழகியவருக்கு இழுப்பது மட்டும்தான் வேலை; விடுவதெல்லாம் உள்ளே இருப்பவள் பாடு. இப்போது கை தளரவேண்டிய நேரத்தில் தளர மறுத்தது. மனைவியின் வாயைப் பார்த்து, அவள் உதடு 'வி' என்று குவியும்போதே கையை இளக்கிக் கற்றுக்கொண்டார். கம்பி பதமாக ஓட ஆரம்பித்தது. கருகல் வாடை நின்றது. மேல்விளிம்பு முடிந்தது. பின்மூலை வளைவில் அவள் கம்பியைக் கண்ணாடியோடு படுக்கவைத்து, ஒவ்வொரு அங்குலமாகத் திருப்பினாள். இவ்வளவு நன்றாகச் செய்வாள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எங்கே விட்டார்?

கீழ்விளிம்பில் கம்பி மாட்டியது. ஒட்டும்போது இடம் நகராமல் இருக்கக் கண்ணாடியோடு வரும் பிளாஸ்டிக் குச்சி. வெடுக்கென்று இழுத்தால் குச்சி விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு வரும். அப்புறம் கல் உப்புதான்.

"குச்சி" என்றார் அவர்.

"தெரியுது. பேசாம இருங்க."

சம்பந்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வந்து மனைவியின் பின்னால் நின்றார். பூப்போல இழுத்தாள். பூப்போல விட்டார். இழுத்தாள். விட்டார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கம்பி தடுக்கித் தடுக்கி, பிறகு வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போனது. கண்ணாடி நின்ற இடத்திலேயே நின்றது. உடையவில்லை.

கடைசி ஒரு சாண் அறுபட்டதும் பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம். மனைவி உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடியை வெளியே ஒட்டி வைத்திருந்தாள். அதைப் பிடித்து இழுக்க, இவர் உள்ளிருந்து உள்ளங்கையால் தள்ள, எதிர்பாராமல் சம்பந்தி இரண்டு கையையும் நீட்டிக் கீழ்விளிம்பைத் தாங்கிக்கொண்டார். இரண்டு பேருமாகக் கொண்டுபோய் மேஜைமேல் விரித்திருந்த கம்பளியில் வைத்தார்கள்.

"அப்பாடா!" என்றார் சம்பந்தி. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு உள்ளுக்குள்ள திக்கு திக்குன்னு இருந்துச்சும்மா. வெளிய காட்டிக்கலை."

கண்ணாடிக்காரர் இறங்கவில்லை. அடுத்த வேலை எங்கே ஒழுகியது என்று பார்ப்பதுதானே? திறந்து கிடந்த சட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். மேலே இடைவெளி இல்லை. பக்கத்தில் இல்லை. எங்கும் இல்லை. மலைப்பாம்புபோல் முழுக்கப் பசை. கீழ்மூலைக்கு வந்தபோது விரல் நின்றது.

எல்லா வண்டியிலும் அந்த இடத்தில், தகட்டின் மடிப்புக்குள் பட்டாணி அளவில் ஒரு துளை இருக்கும். ரப்பருக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் அதன் வழியாக வெளியே போய்விடும். அதை அடைக்கக்கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். இங்கே துளையைக் காணோம். பிதுங்கிய இரண்டாவது சுற்று, கருப்பு உருண்டையாக அதன்மேல் உட்கார்ந்திருந்தது. போக வழி இல்லாமல் தண்ணீர் மடிப்பில் நிறைந்து, தளும்பி, உள்பக்கமாக மகளின் சீட்டில் வழிந்திருக்கிறது. ஒரு சுற்றோடு விட்டிருந்தால் ஒரு சொட்டு வந்திருக்காது. வெளியிலிருந்து இழுகி இழுகி அனுப்பியதெல்லாம் அடைப்பை இன்னும் இறுக்கியிருக்கிறது. அடப் பாவி மனுஷா என்று தன்னையே திட்டிக்கொண்டார். நாலு மாதம்! யார் யாரையெல்லாம் மனதில் கரித்துக்கொட்டினார்!

நகத்தால் உருண்டையின் ஓரத்தை நெம்பினார். அது அசைந்தது. இடுக்கிலிருந்து துருநிறத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. சட்டென்று கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டார்.

ஏன் அமுக்கினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வெளியே சம்பந்தியின் ஃபோன் அடித்தது.

"மருமகதான். காலையிலேருந்து இது நாலாவது தடவை" என்று சிரித்துக்கொண்டே வந்து, கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஃபோனை இவர் காதில் வைத்தார். வைத்த கையை எடுக்கவும் இல்லை. இவருக்குக் கை ஒழிந்திருக்காது என்ற நல்லெண்ணம்.

"அப்பா? உடையலயே?"

"இல்லடா அம்மாடி. முழுசா வந்துருச்சு."

மறுமுனையில் அவள் மூச்சு விட்டது கேட்டது. பிறகு குரல் இறங்கியது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிறாள் போலிருந்தது. பின்னால் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம்.

"எதனாலயாம்பா?"

அவர் கட்டைவிரலை இன்னும் அழுத்தினார்.

"அப்பா, எதுவா வேணா இருக்கட்டும். பெயிண்டர் மேல சொல்லிடுங்க. காரு பழசுன்னு சொல்லிடுங்க. யார் மேல வேணா சொல்லிடுங்கப்பா. உங்க மேல மட்டும் வேணாம். இங்க என்னால..."

பெயிண்டர்! பாவம், அவன் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. வந்து கேட்கப்போவதும் இல்லை. அவன்தான் கழற்றும்போது எதையோ அடைத்துவிட்டான் என்று ஒரு வார்த்தை போதும். இந்த உருண்டையை விரலோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. சம்பந்தி கேள்வியே கேட்கமாட்டார். மனைவி மேஜையருகில் நின்று, கண்ணாடி விளிம்பில் மிச்சமிருந்த பசையைச் சீவிக்கொண்டிருந்தாள். சீவுகிற கை நின்றிருந்தது.

"என்ன சம்பந்தி, காரணம் ஏதும் தெரிஞ்சுதா?" ஜன்னலுக்குள் தலையை நுழைத்தார் சம்பந்தி. மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு, மூலையில் அழுந்தியிருந்த கட்டைவிரலையே பார்த்தார். "அங்க என்ன இருக்கு?"

"அப்பா?" என்றது காதில் குரல். "அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது. அழுத்திப் பிடித்ததில் முட்டியின் கீறல் மறுபடி திறந்துகொண்டது. இன்னும் எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, விரல் தன்பாட்டுக்கு இளகியது. உருண்டை கழன்று வெளிப்பக்கம் விழுந்தது. பின்னாலேயே, நேற்றைய மழையா போன மாத மழையா தெரியாது, கலங்கிய தண்ணீர் துளை வழியாக வெளியேறி, கல்யாணத்துக்கு அடித்த வெள்ளைப் பெயிண்டின்மேல் பழுப்பாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது. ஃபோனை அவர் காதோரம் பிடித்தபடியே சம்பந்தி குனிந்து, அந்தக் கோடு சக்கரத்து மேல்விளிம்பைத் தொட்டு, வளைந்து, தரையில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டுவது நிற்கவே இல்லை.